முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல்: பழைய செவர்லே 350-இல் இக்னிஷனும் கார்புரேட்டரும் மாற்றுவது எப்படி

பழைய அமெரிக்க மசில் கார் வாங்கின புதிதில் நிறைய பேர் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஒரே சனிக்கிழமையில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்லை ஸ்டார்ட் ஆகி இருமும், கார்புரேட்டர் வாய் வழியாக ஒரு தடவை வெடிக்கும். தப்பு கரண்ட் பக்கமா பெட்ரோல் பக்கமா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது, ஏனென்றால் இரண்டுமே புதுசு. நானும் என் 1970 செவெல் மாலிபுவை வாங்கிய வருடம் மிஷிகனில் வீட்டுக் கராஜில் இதையேதான் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் பழைய கார்புரேட்டரைத் திரும்ப மாட்டச் சொன்னார். கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பாலானது கடைசியில் இக்னிஷனில்தான், அதாவது பிளக்கில் பொறி வரவைக்கும் கரண்ட் பக்கத்தில்தான் போய் முடியும் என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும் அதுதான்.

அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே வரிசைதான்: இக்னிஷனை மாற்றுங்கள், டைமிங் (பிளக் எந்த நேரத்தில் பொறிவிட வேண்டும் என்ற கணக்கு) வையுங்கள், ஒரு வாரம் ஓட்டுங்கள், அதற்கப்புறம் கார்புரேட்டரைத் தொடுங்கள். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது செவர்லேயின் 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8, எட்டு சிலிண்டர் எஞ்சின். 1967-இல் கமாரோவில் வந்தது, அப்புறம் அந்தக் கம்பெனியின் பாதி வண்டிகளில் புகுந்துவிட்டது, உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும். ஃபோர்டு, டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், ஆனால் ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையும் மாறும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன எஞ்சின்?

சிரிக்காதீர்கள். ஐம்பது வருட வண்டியில் கம்பெனி எஞ்சினே இருக்கிறது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், டிரைவர் பக்கமாக வார்ப்பு எண் இருக்கும். அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். 3970010 என்று இருந்தால் பெரும்பாலும் 350. விற்றவர் சொன்னதை நம்பி பாகம் ஆர்டர் செய்தால் அப்புறம் அவரைத் தேடிக்கொண்டு போக முடியாது.

கருவிகள் பற்றி ஒன்றே ஒன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இங்கே உதவாது, எல்லாமே அங்குல அளவு. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் 9/16 அங்குலம். அது ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓரமாக ஒளிந்திருப்பதால் அதற்கென்றே வளைந்த ஸ்பேனர் விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள், விரல் மிஞ்சும். மற்றபடி டைமிங் லைட், வேக்யூம் கேஜ், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ். இந்த நான்கும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் பைலட் தீயை அணைத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அதைத்தான் தேடும்.

மாற்றுவதற்கு முன் வண்டியின் இப்போதைய ஜாதகத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள்: ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆர்.பி.எம். எவ்வளவு, வேக்யூம் (எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சல்) எவ்வளவு, டைமிங் எத்தனை டிகிரி. நல்ல நிலையில் உள்ள, கம்பெனி கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட 350, ஐடிலில் 17-இலிருந்து 21 அங்குலம் வரை வேக்யூம் காட்டும். 12 காட்டி முள் ஆடிக்கொண்டிருந்தால் வால்விலோ கேஸ்கட்டிலோ ஏதோ இருக்கிறது. அந்த வண்டிக்குப் புது கார்புரேட்டர் போடுவது காய்ச்சல்காரனுக்குப் புதுச் சட்டை போடுகிற கதைதான். ஒருவேளை ரேஸ் கேம் போட்டிருந்தாலும் வேக்யூம் குறையும், அது வேறு கணக்கு.

பாயிண்டை எதற்கு மாற்ற வேண்டும்?

1970 வண்டியில் இருப்பது பாயிண்ட் இக்னிஷன்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச். பழைய புல்லட்டிலும் அம்பாசிடரிலும் சிபி பாயிண்ட் என்று ஃபைல் போட்டுத் தேய்ப்பார்களே, அதே சங்கதி. டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு அழகு உண்டு: மூடியில் சின்ன ஜன்னல் இருக்கும், அதைத் தூக்கிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே ஆலன் கீயால் திருகி ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரி வைத்துவிடலாம். நன்றாக வைத்த பாயிண்ட் நன்றாகவே ஓடும், யாரும் கேவலமாகப் பேச வேண்டாம். ஆனால் பாயிண்டின் முனை தேயத் தேய ட்வெல் மாறும், ட்வெல் மாறினால் டைமிங்கும் நகரும். எலக்ட்ரானிக் போட்டால் வைத்தது வைத்தபடி நிற்கும். குதிரைச்சக்தி கூடும் என்று யாராவது விற்றால் கண்டுகொள்ளாதீர்கள்; நமக்கு வேண்டியது நிலையான டைமிங்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்துக்கொண்டு பாயிண்ட் இருந்த இடத்தில் சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவது. பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் இந்த வகை. வெளியே பார்த்தால் எதுவும் மாறினது தெரியாது, இரண்டே வயர், சிவப்பு காயிலின் (பொறிக்குத் தேவையான உயர் வோல்டேஜைத் தருவது) பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. ஒரு மணி நேர வேலை. ஆனால் எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் மாட்யூல் சூடேறிச் செத்துவிடும். அதற்குத்தான் சாவியில் ஆக்சஸரி என்ற இடம் இருக்கிறது. காயிலின் ரெசிஸ்டன்ஸ் அதற்குச் சொன்ன அளவுக்குக் குறையவும் கூடாது. வி8-க்கான முதல் வகை இக்னைட்டருக்கு 1.5 ஓம்.

இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) போடுவது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களில் எல்லா வண்டிக்கும் கொடுத்த எலக்ட்ரானிக் இக்னிஷன் அது. காயில் மூடிக்குள்ளேயே இருக்கும், அதனால் மூடி பெரிய பாத்திரம் மாதிரி இருக்கும். கம்பெனித் தோற்றம் முக்கியம் என்பவர்களுக்கு இது பிடிக்காது. என் வண்டி கண்காட்சிக்குப் போகாது, நான் எச்.இ.ஐ. போட்டேன். வாங்கும்போது ஒரு உபரி மாட்யூலும் சேர்த்து வாங்கி டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவையுங்கள். மாட்யூலை மாட்டும்போது அடியில் வெள்ளை ஹீட் பேஸ்ட் தடவாவிட்டால் சூட்டில் அது போய்விடும்.

12 வோல்ட் என்று ஏமாந்த கதை

எச்.இ.ஐ.-க்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய வண்டியில் காயிலுக்கு வரும் வயர் சாதாரண வயர் கிடையாது. ஃபயர்வாலிலிருந்து காயில் வரை வரும் துணி சுற்றிய அந்த வயரே ஒரு ரெசிஸ்டர். பாயிண்ட் கருகாமல் இருக்க, ஓடும்போது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் ஸ்டார்ட்டர் சாலினாய்டிலிருந்து (ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் சுவிட்ச்) வரும் இன்னொரு வயர், பெரும்பாலும் மஞ்சள், முழு பேட்டரி வோல்டேஜையும் தள்ளும்.

நான் என்ன செய்தேன் என்றால், சாவியை ஆன் செய்து காயில் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.3 காட்டியது. அட, யாரோ முன்னமே மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அதையே எச்.இ.ஐ.-யில் சொருகிவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடில் அடித்தது, ஊருக்குள் ஓடியது. நெடுஞ்சாலையில் ஏறி மிதித்தால் 4,000 ஆர்.பி.எம். தாண்டும்போது மிஸ்ஸிங், பின்னால் யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி. இரண்டு வாரம் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால் நான் அளந்த நேரத்தில் பாயிண்ட் திறந்திருந்தது. பாயிண்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாவிட்டால் ரெசிஸ்டர் எதையும் குறைக்காது, மீட்டர் முழு 12 காட்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது அளந்திருந்தால் ஆறோ ஏழோ காட்டியிருக்கும்.

ஆகவே அந்தத் துணி வயரை நம்பாதீர்கள். சாவி ஆன் நிலையிலும், ஸ்டார்ட் நிலையிலும் 12 வோல்ட் வருகிற இடம் ஒன்றை ஃபியூஸ் பெட்டிப் பக்கம் தேடி, இரண்டு நிலையிலும் அளந்து பார்த்து, அங்கிருந்து 12 கேஜ் தடிமனில் புது வயர் இழுத்து எச்.இ.ஐ. மூடியில் பேட்டரி என்று குறித்த முனைக்குக் கொடுங்கள். சில இடங்களில் ஆன் நிலையில் 12 வரும், ஸ்டார்ட் திருப்பியதும் செத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எடுத்தால் சாவியை விடும் நொடியில்தான் எஞ்சின் பிடிக்கும். பழைய துணி வயர், மஞ்சள் வயர் இரண்டின் முனையையும் இன்சுலேஷன் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள், தொங்கவிடாதீர்கள். டாட்ஜ், ப்ளைமவுத் வண்டிகளில் இந்த ரெசிஸ்டர் ஃபயர்வாலில் வெள்ளைப் பீங்கான் கட்டியாகவே உட்கார்ந்திருக்கும், கண்டுபிடிக்க சுலபம்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டுதல்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். 1-ஆம் சிலிண்டர் என்பது டிரைவர் பக்கம் முன்னால் இருப்பது. அந்தப் பக்கம் 1, 3, 5, 7, எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. 1-ஆம் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு, க்ராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு எஞ்சினை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளினால் கம்ப்ரஷன் வருகிறது என்று அர்த்தம். அப்போது க்ராங்கின் முன்முனையில் இருக்கும் பாலன்சர் சக்கரத்தில் உள்ள கோடு, டைமிங் தகட்டில் பூஜ்யத்துக்கு வரும் வரை சுற்றி நிறுத்துங்கள். விரலைத் தள்ளாமல் கோடு மட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக், இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இந்த இடத்தில் தப்பினால் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி தள்ளி உட்காரும், வண்டி வாய் வழியாகத் துப்பும்.

இப்போது மூடியைத் திறந்தால், உள்ளே சுற்றும் ரோட்டர், மூடியின் 1-ஆம் வயர் இருக்கும் பக்கம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு போட்டோ எடுங்கள். ஃபயர்வாலில் ரோட்டர் காட்டும் இடத்துக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கிளாம்பைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டரை நேராகத் தூக்குங்கள். பல் சாய்ந்து வெட்டிய கியர் என்பதால் தூக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பி நின்ற இடத்திலும் ஒரு கோடு. புதிதை இறக்கும்போது இரண்டாவது கோட்டில் ஆரம்பித்தால் முதல் கோட்டில் வந்து உட்காரும். கியரில் கேம் லூப் தடவுங்கள், கீழே புது கேஸ்கட் போடுங்கள், ஓட்டையை ஒரு நிமிடம் கூடத் திறந்து வைக்காதீர்கள். நட்டு ஒன்று உள்ளே விழுந்தால் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றுகிற வேலையாகிவிடும். எஞ்சினில் ரோலர் கேம் போட்டிருந்தால் கியரின் உலோகம் வேறு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் முழுவதும் இறங்காமல் ஒரு விரற்கடை மேலே நிற்கலாம். பயப்பட வேண்டாம், அடியில் ஆயில் பம்ப்பைச் சுற்றும் தண்டின் காடி சேரவில்லை, அவ்வளவுதான். வெளியே எடுத்து, நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் தண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள். கிளாம்ப் போல்ட்டை முறுக்கிக் கீழே இழுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், உடைவது எஞ்சினாக இருக்கும்.

வயர் வரிசை: 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில். ஃபோர்டு 289, 302-இல் 1-5-4-2-6-3-7-8, எதிர்த்திசையில். செவர்லேயில் 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், வரிசையிலும் அடுத்தடுத்து வெடிப்பவை. அந்த இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளத்துக்குப் போனால் 5-இன் கரண்ட் 7-க்குத் தாவும், மிஸ்ஸிங் வரும். கிளிப் போட்டுப் பிரித்து வையுங்கள். பிளக் இடைவெளி பாயிண்டுக்கு 0.035 அங்குலம், எச்.இ.ஐ.-க்கு 0.045 வரை திறக்கலாம்.

டைமிங்

வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விடுங்கள். வேக்யூம் அட்வான்ஸ் குழாயை (எஞ்சின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளுவது) பிடுங்கி அதன் முனையை அடையுங்கள். டைமிங் லைட்டை 1-ஆம் வயரில் மாட்டி, ஐடிலில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னே பொறி வருமாறு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். இது ஆரம்பம்தான். எஞ்சினுக்கு உண்மையில் முக்கியம் மொத்த அட்வான்ஸ்: 3,000 ஆர்.பி.எம். பக்கம் ஏற்றிப் பிடித்தால் 34-இலிருந்து 36 டிகிரிக்குள் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏறக் கூடாது. ஐடிலில் 10 வைத்து மேலே 40 காட்டினால் மேலே உள்ளதைச் சரி செய்யுங்கள், ஐடில் தானாக வரும் இடத்தில் வரட்டும். அட்வான்ஸ் மிகத் தாமதமாக ஏறினால் உள்ளே எடைகளைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங்குகள் கெட்டி, மெலிந்ததாக மாற்றலாம்.

பழைய பாலன்சரில் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும். ரப்பர் கெட்டுப்போய் வளையம் நழுவியிருந்தால் கோடே பொய் சொல்லும். ரப்பர் வெடித்து வெளியே பிதுங்கினால் முதலில் அதை மாற்றுங்கள், டைமிங் அப்புறம்.

கடைசியாக கிளாம்பை இறுக்கி, இறுக்கின பிறகு இன்னொரு தடவை லைட் அடித்துப் பார்த்து, வேக்யூம் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்கு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறப்பது) மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை இருக்கும். எதில் மாட்டுவது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கம்பெனி கேம் போட்டு ஊருக்குள் ஓட்டுகிற வண்டி என்றால் கீழே உள்ளதில், அதாவது ஐடிலிலேயே வேக்யூம் வரும் முனையில் மாட்டிப் பாருங்கள். என் வண்டி சிக்னலில் சூடாவது அதில்தான் குறைந்தது. மேடு ஏறும்போது டிக் டிக் என்று நாக்கிங் கேட்டு, 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டும் போகவில்லை என்றால் 2 டிகிரி குறையுங்கள்.

இப்போது ஒரு வாரம் ஓட்டுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வாரத்தில் பாதி பேருக்குப் புது கார்புரேட்டர் ஆசையே போய்விடும், ஏனென்றால் பழையதே நன்றாக ஓட ஆரம்பித்திருக்கும்.

கார்புரேட்டர்: பெரிசு வாங்காதீர்கள்

நான்கு வாய் 350 வண்டிகளில் வந்தது ராச்செஸ்டர் குவாட்ராஜெட். முன்னால் 1 3/8 அங்குலத்தில் சின்ன வாய் இரண்டு, பின்னால் 2 1/4 அங்குலத்தில் பெரிய வாய் இரண்டு. இதைக் கிண்டல் செய்வது ஒரு பழக்கம். ஆனால் ஒழுங்காகப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினால் மைலேஜும் தரும், மிதித்தால் ஓடவும் ஓடும். ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்ய ரொம்ப நேரம் சுற்ற வேண்டியிருந்தால் அடியில் உள்ள சின்ன அடைப்புகள் கசிந்து கிண்ணத்துப் பெட்ரோல் வடிந்திருக்கும். அது எபாக்ஸி பூசிச் சரி செய்கிற வேலை. உடம்பு வெடித்தோ தண்டு தேய்ந்தோ போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

எவ்வளவு பெரிசு? ஒரு சின்னக் கணக்கு. எஞ்சினின் கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 3,456-ஆல் வகுங்கள். 350-ஐ 5,500-ஆல் பெருக்கி வகுத்தால் 557 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வருகிறது. அதுவும் எஞ்சின் நூற்றுக்கு நூறு காற்றை உறிஞ்சினால்தான். வீதியில் ஓடும் எஞ்சின் 85 சதவீதம் உறிஞ்சினாலே பெரிது, அப்படியென்றால் 473. ஆக 600 தாராளம். ஆனாலும் எல்லோரும் 750 டபுள் பம்ப்பர் கார்புரேட்டர் வாங்கி வந்து, சிக்னலில் எடுக்கும்போது பொம்மென்று மூச்சு திணறுகிறது என்று புலம்புகிறார்கள். குவாட்ராஜெட்டே 750தானே என்று கேட்கலாம். அதன் பின் வாய்க்கு மேலே ஒரு தகடு இருக்கிறது, எஞ்சின் கேட்கிற அளவுக்குத்தான் திறக்கும். டபுள் பம்ப்பரில் நீங்கள் மிதித்த அளவுக்கு அப்படியே திறந்துவிடும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டில் ஒன்று: எடல்பிராக் 1406, இது 600 சி.எஃப்.எம்., எலக்ட்ரிக் சோக் (ஆறிய எஞ்சினில் காற்றைக் குறைக்கும் தகடு, மின்சூட்டில் திறப்பது). அல்லது ஹோலியின் 600, வேக்யூம் செகண்டரி (பின் வாய் உறிஞ்சலால் திறக்கும்) வகை. எடல்பிராக் மாட்டிவிட்டு மறந்துவிடலாம், மேலேயிருந்தே மீட்டரிங் ராடை மாற்றலாம், பெட்ரோல் சிந்தாது. ஹோலி கை வைத்து நோண்டுகிறவர்களுக்கு. இரண்டு கிண்ணம், பக்கவாட்டில் ஃப்ளோட் அளவு பார்க்க ஓட்டை, ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றினால் கையெல்லாம் பெட்ரோல்.

ஒரு விஷயம் கவனியுங்கள். குவாட்ராஜெட்டின் அடிப்பாகம் சின்னதும் பெரிசுமான நான்கு ஓட்டை, இந்த இரண்டுக்கும் நான்கும் ஒரே மாதிரிச் சதுர அமைப்பு. கம்பெனி மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) நேராக உட்காராது, இடையில் அடாப்டர் தகடு வேண்டும். தகடு போட்டால் கார்புரேட்டர் உயரும், ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்களுடையது இரண்டு வாய் கார்புரேட்டர் வந்த 350 என்றால் மேனிஃபோல்டே மாற்ற வேண்டும், அது தனி வேலை, இந்தக் கட்டுரையில் அடங்காது.

மாட்டுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் வெளியே. ஒவ்வொரு வேக்யூம் குழாயிலும் டேப் ஒட்டி எங்கே போகிறது என்று எழுதுங்கள்: பிசிவி (எஞ்சினின் உள்புகையை இழுக்கும் வால்வு), பிரேக் பூஸ்டர், கியர்பாக்ஸ் மாடுலேட்டர், வேக்யூம் அட்வான்ஸ். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது கீழே துணி. பழையது வெளியே வந்ததும் மேனிஃபோல்ட் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது தூள் உள்ளே போகக் கூடாது. கடைசியில் அந்தத் துணியை எடுக்க மறந்தவர்களும் உண்டு.

புது கேஸ்கட், அடாப்டர், கேஸ்கட், கார்புரேட்டர். நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பேனரை இரண்டு விரலால் இழுக்கிற பலம் போதும். அலுமினிய அடித்தட்டு, முறுக்கினால் காது உடையும், உடையாவிட்டாலும் வளைந்து த்ராட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் வரும் பழைய இரும்புக் குழாய் புது இடத்துக்கு எட்டாது. 3/8 அங்குல ரப்பர் ஹோஸ் போடும்போது எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், பழைய ரப்பர் உள்ளேயே கரைந்து ஜெட்டை அடைக்கும். கண்ணாடி ஃபில்டர் பார்க்க அழகு, எஞ்சினுக்கு மேலே வைத்து உடைந்தால் வண்டியே போகும், உலோக ஃபில்டர் போடுங்கள். பம்ப் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. சுற்றி இருந்தால் சரி. 7-ஐத் தாண்டினால் எடல்பிராக்கில் ஊசி வால்வு மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆகும், ரெகுலேட்டர் வைக்க வேண்டும்.

எலக்ட்ரிக் சோக்குக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட் தனியாகக் கொடுங்கள், இக்னிஷன் வயரில் ஒட்டு போடாதீர்கள். மேலே நான் பட்ட அவஸ்தையைத் திரும்பப் பட வேண்டாம்.

கியர்பாக்ஸ் டர்போ 350 ஆட்டோமேட்டிக் என்றால் கார்புரேட்டரிலிருந்து அதற்கு ஒரு கிக்டவுன் கேபிள் (முழுதாக மிதித்தால் கியரைக் குறைப்பது) போகும், அதற்குரிய பிராக்கெட் தனியாக விற்கும். டாட்ஜ், ப்ளைமவுத்காரர்கள் இதில் அலட்சியமே காட்டக் கூடாது. அந்த டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸில் இந்தக் கம்பிதான் உள் அழுத்தத்தையே கூட்டிக் குறைக்கிறது. மாட்டாமல் ஓட்டினால் கியர்பாக்ஸ் தீய்ந்துவிடும்.

கடைசியாக, எஞ்சின் ஓடாதபோது வீட்டில் ஒருவரை உட்கார வைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லுங்கள். த்ராட்டில் தகடு நேர் நிற்க வேண்டும், விட்டவுடன் டக்கென்று மூட வேண்டும். திரும்ப இழுக்கும் ஸ்ப்ரிங் இரண்டு போடுங்கள், ஒன்று அறுந்தால் இன்னொன்று. என் மனைவி மிதித்தபோது பாதி தூரம் வந்து நின்றது. கேபிள் தப்பென்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் பெடலுக்கு அடியில் தடியான மிதியடி.

முதல் ஸ்டார்ட்டும் ட்யூனிங்கும்

கிண்ணம் காலியாக இருக்கும். வென்ட் குழாய் வழியாகச் சின்ன பாட்டிலால் கொஞ்சம் பெட்ரோல் விடுங்கள். வாயில் ஊற்றிவிட்டு சாவி போடுகிற வித்தையெல்லாம் வேண்டாம். ஏர் கிளீனரை மாட்டியே ஸ்டார்ட் செய்யுங்கள், வாய் வழியாக வெடித்தால் நெருப்பு அதோடு நிற்கும். ஸ்டார்ட் ஆனதும் வேறெதையும் பார்க்காமல் பெட்ரோல் இணைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் ஆஃப்.

மிக்ஸ்சர் ஸ்க்ரூ (ஐடிலில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது) இரண்டையும் மெதுவாக உள்ளே உட்கார வைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். எஞ்சின் முழுதாகச் சூடாகி சோக் திறந்த பிறகுதான் ட்யூனிங். வேக்யூம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி, ஐடில் 700 பக்கம் வைத்து, ஒரு ஸ்க்ரூவை உள்ளே திருகினால் வேக்யூம் குறையும், வெளியே எடுத்தால் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிடும். அந்த உச்சியில் நிறுத்துங்கள். மற்றதையும் அப்படியே. ஐடில் ஏறியிருக்கும், குறைத்துவிட்டு இரண்டையும் இன்னொரு தடவை பாருங்கள். முடிந்த பிறகு, ஆர்.பி.எம். ஒரு 20 குறையும் அளவுக்கு உள்ளே திருகினால் பெட்ரோல் மிஞ்சும், காதுக்கும் நன்றாகவே இருக்கும்.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுவதும் மூடியும் எஞ்சினுக்கு ஒரு மாற்றமும் இல்லையென்றால், ஐடில் ஸ்க்ரூவால் த்ராட்டிலை அதிகமாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள், எஞ்சின் வேறு வழியாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் குறைவான டைமிங். பார்த்தீர்களா, மறுபடி இக்னிஷன். இன்னொரு காரணம் எங்கேயோ காற்று இழுப்பது. ஒவ்வொரு குழாயாக விரலால் மூடிப் பார்த்தால் எதில் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே இருக்கும்.

ஹோலியில் பவர் வால்வு ஒன்று உண்டு, 6.5 என்றால் வேக்யூம் 6.5 அங்குலத்துக்குக் கீழே விழும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும். உங்கள் ஐடில் வேக்யூமில் பாதி எண் போடுவது பழைய வழக்கம்.

மிதித்தவுடன் ஒரு நொடி தயங்கிப் பிறகு ஓடினால் ஆக்சிலேட்டர் பம்ப். எஞ்சினை நிறுத்தி, மேலிருந்து பார்த்துக்கொண்டு லிங்க்கைத் தள்ளுங்கள், தள்ளிய அதே கணத்தில் இரண்டு பக்கமும் பீய்ச்ச வேண்டும். தாமதித்துப் பீய்ச்சினால் லிங்க்கில் லூஸ் இருக்கிறது.

நூறு மைல் ஓட்டிவிட்டு, ஆறிய எஞ்சினில் அந்த நான்கு நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கேஸ்கட் அமுங்கியிருக்கும், அரைக்கால் சுற்று போகும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாகச் செய்தித்தாளில் அடுக்குங்கள். வெளிறிய பழுப்பு என்றால் சரி. கறுப்பு மசி என்றால் பெட்ரோல் அதிகம். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் குறைவு. எட்டில் ஏழு நன்றாக இருந்து ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடாமல் அந்த ஒரு வயரை மாற்றுங்கள். என்னுடையதில் அது 7-ஆம் நம்பர், எக்ஸாஸ்டில் பட்டு உறை பொசுங்கியிருந்தது.